மிட்வைஃப் வந்தால் மட்டும் அழும் பிள்ளை

மழை வலுத்ததும் பஸ்ஸில் இருந்த எல்லாரும் கண்ணாடிகளை இழுத்து மூடினார்கள். கண்டியிலிருந்து கெலிஓயாவுக்கு வரும் மாலை நேரத்து பஸ். பேராதனை தாண்டுவதற்குள் நெரிசலில் சிக்கி நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிகளின் உட்புறம் பால் போல வெளுத்தது. எனக்கு முன்னால் இருந்த பெண் விரலால் ஒரு கோடு கிழித்தாள்; கோட்டிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது மழைத் தண்ணீர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வழிவது நாங்கள் விட்ட மூச்சு. நெருக்கியடித்து நிற்கிற இத்தனை பேரின் நெஞ்சுக்குள் போய் வந்த ஈரம் இங்கே வழிகிறது என்றால், ஈரத்தோடு வந்த காற்று எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அதைத்தான் நான் இப்போது இழுத்துக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் தலை சரிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதை வேலைக் களைப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இறங்க முன்னமே ஃபோனில் ஒரு மீட்டருக்கு ஓடர் போட்டுவிட்டேன். எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. காற்றில் காபனீரொட்சைட்டு எவ்வளவு என்று காட்டும் சின்னப் பெட்டி, தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவு. வெளிக்காற்றில் நானூற்றுச் சொச்சம் காட்டும். ஆட்கள் இருக்கும் அறையில் அந்த எண் ஏறும். ஏறி, ஆயிரத்துக்கு மேலே நின்றுவிட்டால், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அறைக்குள் புதிய காற்று வருகிறதா என்று பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை.

பிறகு கொஞ்ச நாள் நான் ஒரு தொல்லையாகவே திரிந்தேன். கண்டியில் ஏசி போட்ட டியூஷன் வகுப்புக்குள் கைப்பையில் மீட்டரோடு போய் இருந்தேன். பாடம் முடிய முன்னமே எண் மூவாயிரத்தைத் தாண்டியது. பின்வரிசைப் பிள்ளைகள் மேசையில் கன்னத்தை வைத்துக் கிடந்தார்கள். குண்டசாலையில் ஒரு சிநேகிதியின் புது வீட்டில், குரங்கு வருகிறது என்று ஜன்னல்களைத் திறக்கவே முடியாதபடி கண்ணாடி அடித்திருந்தார்கள். அவர்களுடைய சாலையில், அதாவது முன் கூடத்தில், இருந்துகொண்டே எண்ணை வாசித்துக் காட்டினேன். அவளுடைய தாய் எனக்கு இரண்டாவது பிளேன்டீ தரவில்லை.

எங்கள் மச்சான், அதாவது என் அக்கா ராத்தாவின் மாப்பிள்ளை, கண்டியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமைகளில் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: “தங்கச்சி, இண்டைக்கி வானிலை அறிக்கை எப்படி? உள்ளுக்கு வரலாமா, மூச்ச வெளிய வெச்சிட்டு வரணுமா?”

எல்லாரும் சிரிப்போம். ராத்தா பிள்ளை பெற்று வீட்டுக்கு வரும் வரைக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ராத்தாவுக்கு இது இரண்டாவது பிள்ளை. முதலாவது, ஒரு மகன், இதே வீட்டில், இதே பின் அறையில், நாற்பது நாள் முடிய முன்னம் போய்விட்டான். ஒரு காலையில் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ சொன்னார்கள். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யார் காதிலும் எதுவும் ஏறவில்லை. மையித்து வீட்டுக்கு வந்தவர்கள்தான் எங்களுக்கு விளங்கும்படி ஒரு காரணம் சொன்னார்கள். காற்றுப் பட்டிருக்கும். அதற்கு முந்திய நாள் பகலில், வேர்க்கிறது என்று ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தது ராத்தா. யாரும் கேட்காமல் அவளே அதைச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த ஜன்னல் எங்கள் வீட்டில் பேசப்படாத ஒன்றாகிவிட்டது.

இந்த முறை பிறந்தது மகள். நாங்கள் எல்லாரும் சந்தோஷத்தைக் கூடச் சத்தம் போடாமல்தான் கொண்டாடினோம். வழக்கம்போல நாற்பது நாளுக்குத் தாயும் பிள்ளையும் பின் அறையில். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது; பின் அறையின் ஒரே ஜன்னல் மண்மேட்டைப் பார்த்தது. வெயில் வராது. மழைக் காலத்தில் சுவரே வேர்க்கும். அந்தி சாயும்போது உம்மா சிரட்டைக் கரியில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, பிள்ளையின் தலைமுடியைப் புகையில் காட்டுவார். பிறகு தணல் சட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார், அறை சூடாக இருக்கட்டும் என்று. மறுநாள் பகலிலும் கரி போட்டுத் தணலை அணைய விடமாட்டார். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

புதிதாக இருந்தது ராத்தாதான். ஜன்னலைப் பூட்டியது போதாது என்று, பழைய சாரத்தைக் கிழித்து, இடுக்கு இடுக்காக, கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி அடைத்தாள். கதவுக்குக் கீழே சுருட்டிய துவாய். சுவரின் மேலே இருந்த காற்றுத் துவாரங்களுக்குக் காட்போட். உம்மாவுக்கே அது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

“சின்னதா ஒரு இடுக்கு உட்டு வெய்யேன் மகள். மூச்சு முட்டுது.”

“ஒங்களுக்கு முட்டினா நீங்க வெளிய போங்க உம்மா.”

நான் மீட்டரைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே வைத்தேன். ராத்தா பிள்ளையை மடியில் போட்டபடி பார்த்தாள்.

“என்த அது?”

“காத்த அளக்குற மீட்டர்.”

“காத்த நான் உள்ளுக்கு உடவே இல்லியே. என்னத்த அளக்கப் போற?”

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் எண் ஏறிக்கொண்டே போனது. டியூஷன் வகுப்பில் கண்ட எண்ணைத் தாண்டியது. இரண்டு பெரிய ஆட்களும் ஒரு கைப்பிள்ளையும் இருக்கிற அறையில் அப்படி ஏறக் கூடாது. பெட்டி கத்தத் தொடங்கியது.

உம்மா காதைப் பொத்தினார். “புள்ள சத்தமில்லாமத் தூங்குது. இது பாலுக்குக் கத்துறது போலக் கத்துது. வெளிய கொண்டு போ இத.”

பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைத்தான் வருகிறவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். மாஷா அல்லாஹ், புள்ள ஈக்கிற எடமே தெரியல்ல. பசிக்குக் கூட அழுவதில்லை. ராத்தாதான் தட்டி எழுப்பிப் பால் கொடுப்பாள். நாலு வாய் குடித்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். ராத்தாவும் தூக்கம்தான். தலை கனக்கிறது என்பாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்பார் உம்மா.

கிளினிக் நாள் வந்தது. ராத்தா காதுக்குப் பஞ்சு வைத்து, தலையை மூடிக் கட்டி, பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு உம்மாவோடு ஆட்டோவில் போனாள். வெறும் அறையில் மீட்டரை வைத்துக் கதவைச் சாத்தினேன். எனக்கு வேண்டியது இதுதான். ஆள் இல்லாத அறையில் எண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தால், அந்த அறை எவ்வளவு வேகமாகப் பழைய காற்றை மாற்றுகிறது என்று சொல்லிவிடலாம். சாதாரண அறை என்றால், ஒரு சோறாக்கி முடிப்பதற்குள் எண் பாதிக்குமேல் விழுந்துவிடும். நான் சோறாக்கினேன், கறி ஆக்கினேன், துணி காயப்போட்டேன். கதவைத் திறந்து பார்த்தேன். எண் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. காலையில் அவர்கள் விட்ட மூச்சு அப்படியே அங்கே நின்றுகொண்டிருந்தது. கட்டிலில் படுக்கை கலைந்து கிடந்தது. எனக்கு அந்த அறைக்குள் கால் வைக்க மனம் வரவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது ஆட்டோவுக்குள்ளிருந்து பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. கிளினிக்கிலும் ஒரே அழுகையாம்.

“வெள்ள உடுப்பக் கண்டாப் பயம் இவளுக்கு” என்றார் உம்மா. “மிட்வைஃப் மிஸ் வந்த நாளும் இப்படித்தானே.”

உண்மைதான். தாயையும் பிள்ளையையும் பார்க்க மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்த இரண்டு தடவையும் பிள்ளை வீட்டை இரண்டாக்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட, அழுகை கேட்டால், மிஸ் வந்திருக்கிறார் என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது.

எனக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் விட ஏலாது. உம்மா தொழும் வெள்ளை உடுப்பை எடுத்துத் தலையோடு போட்டுக்கொண்டு பின் அறைக்குப் போய்ப் பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்தேன். கண்ணைத் திறந்தது, பார்த்தது, திரும்ப மூடிக்கொண்டது. அப்போதுதான் யோசித்தேன். உம்மா ஒவ்வொரு நாளும் தொழுதுவிட்டு இதே உடுப்போடுதான் அவளைத் தூக்கி ஓதி ஊதுகிறார். அழுததே இல்லை.

அப்படியென்றால் மிட்வைஃப் வரும் நாளில் வேறு என்ன நடக்கிறது?

இதைக் கேட்ட உடனேயே பதிலும் வந்துவிட்டது. வந்த பிறகு நான் குசினிப் படியில் அப்படியே இருந்துவிட்டேன். மிஸ் ஸ்கூட்டரில் வருவார். எங்கள் சரிவில் ஸ்கூட்டர் ஏறும் சத்தம் இரண்டு வளைவுக்குக் கீழேயே கேட்கும். கேட்டதும் வீட்டில் ஒரு ஓட்டம். உம்மா தணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு. நான் துவாயை எடுத்து, கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு. ராத்தா முகம் இறுகி ஜன்னல் துணிகளை உருவி. ஜன்னல் திறந்திருக்காவிட்டால் மிஸ் ஏசுவார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. மிஸ் உள்ளே வரும்போது அறை வெளிச்சமும் காற்றுமாக, புத்தகத்தில் போட்ட படம் மாதிரி இருக்கும். “ஹரி, சரி, இப்பிடித்தான் வெச்சிக்கணும்” என்று சிங்களமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டுப் போவார். ஸ்கூட்டர் இறங்கும் சத்தம் ஓய முன்னமே ஜன்னலை அடைத்துவிடுவோம்.

மிஸ் பார்த்ததெல்லாம் அந்த அறையைத்தான். பிள்ளை இருந்த அறையை அவர் பார்க்கவே இல்லை.

காற்று வரும் நாளில் மட்டும் அந்தப் பிள்ளை விழித்துக்கொள்கிறது. பசிக்கிறது என்று அழ அதற்கு அப்போதுதான் தெம்பு வருகிறது. ராத்தாவின் தலைக் கனமும் கிளினிக் வாசலில் இல்லாமல் போயிருந்தது. அதை அவளே வாய் தவறிச் சொன்னாள். மூச்சுக்காற்று தேங்கினால் தூக்கம் வரும், தலை கனக்கும், அது சரி. ஆனால் பசியை மறக்கும் அளவுக்கு? கட்டிலுக்குக் கீழே இருந்த சட்டி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாடசாலையில் எல்லாரும் படித்ததுதான். காற்றுக் குறைந்த இடத்தில் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும் நச்சு வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. சாம்பிராணி மணத்துக்குள் அதை யாரும் தேடவும் போவதில்லை. நான் பெருமையாகத் தூக்கித் திரிந்த மீட்டருக்கு அதைப் பார்க்கும் கண்ணே கிடையாது. அறை அடைபட்டிருக்கிறது என்று அது கத்தியது. உள்ளே அடைபட்டிருப்பது என்ன என்று அதனால் சொல்ல முடியவில்லை.

சட்டியை வெளியே எடுத்து வைத்தேன். ராத்தா திரும்ப உள்ளே எடுத்தாள். நான் சொன்னேன், விளக்கினேன், ஃபோனில் காட்டினேன். என் கதை வேகம் கூடக் கூட அவள் முகம் மூடிக்கொண்டே போனது.

“ஒன்னப் போலத்தான் நானும் ஜன்னலத் தொறந்த. வேர்க்குதென்டு. என்த நடந்திச்சி?”

என் நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. அந்த முறையும் கட்டிலுக்குக் கீழே சட்டி இருந்தது. இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை விழுங்கிக்கொண்டேன். சொன்னால், அவள் தலையில் கிடக்கும் பாரத்தை எடுத்து உம்மாவின் தலையில் வைத்ததாகிவிடும். அதுவும் எனக்கே நிச்சயமில்லாத ஒன்றை.

மிஸ் அடுத்த முறை வந்தபோது, ஸ்கூட்டர் வரை கூடப் போய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹெல்மட்டைப் போடப் போனவர் கையில் பிடித்தபடியே நின்றார்.

“தணல் கட்டிலுக்குக் கீழயா? ஐயோ நங்கி!”

திரும்பி உள்ளே வந்தார். ஜன்னல் இடுக்கில் அவசரத்தில் விடுபட்ட ஒரு துணித் துண்டைத் தன் கையாலேயே உருவினார். அந்தச் சட்டி இனி இந்த அறைக்குள் வரவே கூடாது என்று ராத்தாவிடம் இரண்டு மொழியிலும் சொன்னார். ராத்தா தலையாட்டினாள். “ஓ மிஸ். சரி மிஸ்.” உம்மா வெட்கத்தில் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். பிள்ளை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது.

ஸ்கூட்டர் போனதும் ராத்தா என்னைப் பார்த்தாள்.

“காட்டிக் குடுத்திட்டாய், என்ன?”

“ராத்தா...”

“அழுறாளே, கேக்குதா? அந்தக் காத்துப் பட்டுத்தான் அழுறாள். ஒனக்கு மட்டும் அது வேற மாதிரிக் கேக்குது.”

ஒரே அழுகை. அவளுக்கு அது காற்று பிள்ளையைத் தீண்டும் சத்தம். எனக்கு அது பிள்ளை எங்களிடம் திரும்பி வரும் சத்தம். எந்த எண்ணைக் காட்டி இதைத் தீர்ப்பது?

அன்று முழுக்க உம்மா தொழுகைப் பாயிலேயே இருந்தார். எழும்பி வந்தபோது முடிவோடு வந்தார். “சட்டி பின்வாசல்லயே ஈக்கட்டும். தலமுடிய அங்கயே வெச்சிக் காயவெக்கலாம்.” ராத்தா அழுதாள். மச்சானுக்கு ஃபோன் எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள். மச்சான் பகிடி எதுவும் விடவில்லை. கடைத் தெருவின் ஹோன் சத்தத்துக்கு நடுவே என்னைக் கேட்டார்:

“தங்கச்சி, அந்த மத்த வாயுவ அளக்குற மெஷின் ஈக்குதா?”

“ஈக்குது மச்சான். கொழும்புல எடுக்கலாம்.”

“எடுப்போம். அது செல்றத ரெண்டு பேரும் கேக்கணும். வாக்குத் தரணும்.”

ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரத்தை முடித்தாள். மெஷின் வரும் வரைக்கும் சட்டி வெளியே. கதவு ஒரு சாண் திறந்திருக்கும். ஜன்னல் மட்டும் மூடியே இருக்கும். மெஷின் ஒன்றும் சொல்லாவிட்டால், சட்டி உள்ளே வரும், துவாய் கதவுக்குக் கீழே போகும், நாற்பது முடியும் வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. “ஒன்ட மீட்டரயும் கொண்டு போய்க் கெணத்துல போடணும்” என்றாள்.

சட்டி வெளியே போன பிறகு பிள்ளை பகலில் இரண்டு தடவை தானாக விழித்து அழுதது. உம்மா என்னைப் பார்த்தார், நான் உம்மாவைப் பார்த்தேன். ராத்தா பிள்ளையை இன்னும் ஒரு துணியால் சுற்றினாள்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடையில் சொல்லிக்கொண்டு மச்சான் மெஷினோடு வருகிறார். பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுத் தொடங்குவது என்று முடிவு. எனக்கு இரண்டு பக்கமும் பயம். மலிவான மெஷின் ஒன்று ஊமையாக இருந்துவிட்டால், அந்தச் சட்டி திரும்ப அந்தக் கட்டிலுக்குக் கீழே போய்விடும். அதனால் முதலில் பின்வாசலில், ராத்தாவின் கண் முன்னால், தணலுக்கு நேரே மெஷினைப் பிடிப்பேன். அங்கே அது கத்தாவிட்டால் அதைத் திருப்பி அனுப்புவது, வேறொன்று வரும் வரை சட்டி வெளியேதான். இதற்கு அவள் ஒத்துக்கொண்டாள். அங்கே கத்தினால், அடுத்தது பின் அறையில்: அதே சிரட்டைக் கரி, அதே சட்டி, கட்டிலுக்குக் கீழே அதே இடம். இடுக்குகளை அவளே அடைக்கப் போகிறாள், நான் ஏமாற்றிவிட்டேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாதாம். துணிகளை இப்போதே மடித்து மடித்து ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்திருக்கிறாள். அறைக்குள் ஆள் யாரும் இருக்கப் போவதில்லை. பிள்ளை முன் சாலையில் உம்மாவின் மடியில் இருக்கும். மெஷினுக்கு முன்னால் என் ஃபோனைச் சாய்த்து வைத்து, அங்கிருந்து மச்சானின் ஃபோனுக்கு வீடியோ கோல். நாங்கள் கதவுக்கு வெளியே இருந்து பார்ப்போம்.

மற்றப் பயத்தை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எண் ஏறினால், ராத்தா இந்தப் பிள்ளையை நினைக்க முன்னம் மற்றதை, போய்விட்ட மகனை, நினைப்பாள். அந்த அறையின் பழைய காற்றை அளக்க எந்த மெஷினும் இல்லை. ஆமென்றும் சொல்ல ஏலாது, இல்லையென்றும் சொல்ல ஏலாது. அவள் கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும், அவசரப்படாமல், உம்மாவின் காதில் விழாமல். மச்சானின் ஃபோனை நானே பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அதை அவள் கையிலேயே கொடுக்கப் போகிறேன். எண்ணை அவள் பார்க்கட்டும். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.